ஸ்லாக்கில் போன இரும்பு

எங்கள் ஆலைக்கு ஆக்சிஜன் பர்னர் வந்த அன்று அதற்குப் பட்டு கட்டினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபர்னஸின் சுவரில் மூன்று இடத்தில் ஓட்டை போட்டு மூன்று பர்னர் பொருத்தியிருந்தார்கள். அவற்றில் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒன்றுக்கு, அரக்கு நிறத்தில் ஜரிகைக் கரை போட்ட துண்டைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கோயிலிலிருந்து காரில் அழைத்து வந்த குருக்கள் மந்திரம் சொன்னார். ஆக்சிஜன் குழாய்க்குப் பக்கத்தில் எண்ணெயோ கொழுப்போ ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது என்று அங்கேயே சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறது. அந்தப் பலகைக்கு நேர் கீழே நெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் விளக்கையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். காஞ்சிபுரத்தில் மந்திரி வந்தாலும் பட்டு, மாப்பிள்ளை வந்தாலும் பட்டு. பர்னருக்கு மட்டும் ஏன் கூடாது என்று நினைத்திருப்பார்கள். பூஜை முடிந்ததும் துண்டை அவிழ்த்து டைரக்டரின் தோளில் போர்த்தினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

டைரக்டர் என்பவர் முதலாளியுடைய மனைவியின் தம்பி. வெளிநாட்டில் எங்கோ ஒரு கம்பெனியில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே இரும்பு உருக்கினாரா, உருக்குகிற இடத்துக்கு லேப்டாப் விற்றாரா என்பது கடைசிவரை எனக்குத் தெரியாது. வெள்ளை ஹெல்மெட், தினமும் துடைத்த ஷூ. ஃபர்னஸ் மேடைக்கு வந்தால் பத்தடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

நான் அந்த ஆலையில் லேப் பொறுப்பாளர். திருப்புட்குழியிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். வேதியியல் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னபோது அடம் பிடித்து இங்கே சேர்ந்தேன். அப்போதே பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பழைய இரும்பைக் கூடையில் அள்ளி ஃபர்னஸில் கொட்டி, மேலிருந்து மூன்று கார்பன் கம்பிகளை இறக்கி, மின்சாரத் தீப்பொறியில் உருக்குவார்கள். உருகியதில் ஒரு கரண்டி சேம்பிள் எடுத்து ஆறவைத்து எனக்கு அனுப்புவார்கள். அதைத் தேய்த்து மெஷினில் வைத்து, கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று நான் போனில் சொல்வேன். என் வேலை அவ்வளவுதான். ஒரு தடவை உருக்கி ஊற்றுவதற்கு ஒரு ஹீட் என்று பெயர்.

பர்னரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பொருள். மூன்று கம்பிகளின் தீப்பொறி எட்டாத மூலைகளில் இரும்பு உருகாமல் குளிர்ந்து கிடக்கும். அந்த மூலைகளுக்கு நேராகப் பர்னரை வைத்து, எரிவாயுவையும் ஆக்சிஜனையும் சேர்த்துக் கொளுத்தினால் அங்கேயும் உருகும். நேரம் மிச்சம், மின்சாரம் மிச்சம். எல்லாம் உருகித் தட்டையானபின் பர்னரைக் குறைத்துவிட வேண்டும். அதன்பிறகு கொஞ்சம் ஆக்சிஜனை மட்டும் ஊதி, இரும்பில் கூடுதலாக இருக்கிற கார்பனை எரித்து எடுக்கலாம். ஆனால் அளவோடு. ஆக்சிஜனுக்கு நல்லது கெட்டது தெரியாது. கார்பன் இருக்கிறவரை கார்பனை எரிக்கும். கார்பன் தீர்ந்தால் இரும்பையே எரிக்கும். எரிந்த இரும்பு கறுப்பாகக் கரைந்து மேலே மிதக்கிற கசடோடு, அதாவது ஸ்லாக்கோடு, வெளியே ஓடிவிடும்.

கேஸ் கம்பெனியிலிருந்து வந்த என்ஜினீயர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எத்தனையாவது நிமிடத்தில் குறைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெளிவாக இருந்தது. டைரக்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் மேடையில் சேம்பிள் வாங்க நின்றபோது என் காதால் கேட்டேன்.

"ஆன் பண்ணி வெச்சா இவ்ளோ ஸ்பீடா உருகுதுல்ல? அப்புறம் எதுக்குப்பா பாதியில நிறுத்தணும்?"

என்ஜினீயர் என்னைப் பார்த்தார். மெல்ட்டர் அண்ணனைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அது உங்க ப்ராசஸ் சார், நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். அவருடைய கம்பெனி விற்பது ஆக்சிஜன். எங்கள் டாங்க் சீக்கிரம் காலியானால் அவருடைய டாங்கர் சீக்கிரம் வரும். மனசாட்சியை அவ்வளவு அழகாகச் சலவை செய்து மடித்து வைத்திருந்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மெல்ட்டர் அண்ணன் என்று நான் சொல்வது, பகல் ஷிப்டில் ஃபர்னஸைப் பார்த்துக்கொண்டவரை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கூரம் பக்கம் காலனியில் வீடு. தகப்பனார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்த குடும்பம். இவர் ஸ்கிராப் வெட்டுகிற கூலியாக வந்து, கேஸ் கட்டர் பிடித்து, கிரேன் ஓட்டி, கடைசியில் ஃபர்னஸுக்கு வந்து சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் நெருப்பைப் பார்க்கிற நீலக் கண்ணாடி. எங்கள் ஆலையில் எனக்கு மரியாதை தோன்றிய ஒரே ஆள் அவர்தான். என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். லேப்புக்குப் போன் செய்தால், "ஏம்மா, கார்பன் இன்னா சொல்லுது?" என்பார்.

அவர் முதல் ஒரு வாரம் தாளில் இருந்தபடியே பர்னரை ஓட்டினார். இரும்பு தட்டையானதும் கையால் குறைத்துவிடுவார். அது கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் டைரக்டர் மேடைக்கு வந்து, பத்தடி தள்ளி நின்று, எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"யாரைக் கேட்டுய்யா குறைச்ச?"

"சார், உருகிப்போச்சு. இதுக்கு மேல ஊதினா இரும்பு எரிஞ்சிக்கினு போவும் சார்."

"நீ மெட்டலர்ஜி படிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப நீ நெருப்பைப் பாரு. ஸ்கிரீனை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பர்னருக்குப் பாஸ்வேர்டு போட்டார்கள். அதன்பிறகு ஹீட் ஆரம்பித்ததிலிருந்து ஊற்றுகிறவரை ஆக்சிஜன் சீறிக்கொண்டே இருந்தது. ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய டி.வி.யை மாட்டி, ஒவ்வொரு ஹீட்டும் எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று ஓடவிட்டார்கள். நேரம் குறைந்தது உண்மை. பத்து நிமிடத்துக்கு மேலேயே குறைந்தது. கேக் வெட்டினார்கள். முதுகில் ஆங்கிலத்தில் ஏதோ வாசகம் எழுதிய டி-ஷர்ட் எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஃபர்னஸ் பக்கத்தில் போட்டுக்கொண்டால் உடம்போடு உருகி ஒட்டிக்கொள்கிற பாலியஸ்டர் துணி. அதையும் போட்டுக்கொண்டு நின்று போட்டோவுக்குச் சிரித்தார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும். நான் அந்த இரண்டாவது பாதியில் இருந்தேன்.

ஒருநாள் மெல்ட்டர் அண்ணனே லேப்புக்கு வந்தார். கையில் ஒரு தகரக் குவளை. அதில் ஆறிப்போன ஸ்லாக்.

"இதைப் பாரும்மா. முன்னல்லாம் பாலு பொங்கற மாதிரி பொங்கி நிக்கும். இப்ப காபித் தண்ணி மாதிரி ஓடுது. செங்கல்லையும் சேத்துத் தின்னுக்கினு போவுது."

ஸ்லாக்கைப் பரிசோதிக்க எங்கள் ஆலையில் வழக்கமில்லை. யாரும் கேட்டதில்லை. ஆனால் எனக்குச் செய்யத் தெரியும். கல்லூரியில் கற்றுக்கொண்டதில் கையால் செய்ய எனக்குப் பிடித்த ஒரே வேலை அதுதான். கல்லை இடித்துப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, ப்யூரெட்டிலிருந்து ஆரஞ்சு நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒரு சொட்டில் ஊதா நிறம் வந்து நிற்கும். எத்தனை சொட்டு செலவானது என்பதிலிருந்து உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கணக்கிடலாம். அன்று சொட்டிக்கொண்டே இருந்தேன். ஊதா வரவே இல்லை. ப்யூரெட்டை மறுபடி நிரப்பி விட வேண்டியிருந்தது. ஷெல்ஃபுக்குப் பின்னால் கிடந்த பழைய ஸ்லாக் துண்டு ஒன்றையும் பார்த்தேன். புதியதில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இரும்பு.

அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு ஸ்லாக் பார்த்தேன். என் மகளுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்தேன். ஒரு வாரம் சேர்ந்ததும் டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் நோட்டைத் தொடவில்லை.

"மேடம், உங்களுக்கு ஸ்லாக் டெஸ்ட் யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். இரும்பு நிறையப் போவுது. அதான் காட்டலாம்னு..."

"நீங்க ஸ்டீல்ல கார்பன் எவ்வளவுன்னு சொல்லுங்க, போதும். ஸ்லாக் வேஸ்ட்டு. வேஸ்ட்டை எதுக்கு டெஸ்ட் பண்ணிக்கினு?"

அந்த வேஸ்ட்டின் மதிப்பைத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஸ்லாக் காண்ட்ராக்டர். தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். கட்சியில் ஏதோ பொறுப்பு. கரை வேட்டி, கழுத்தில் ஒரு சங்கிலி, கையில் இரண்டு போன். எங்கள் ஸ்லாக்கை அள்ளிக்கொண்டுபோய் இடித்து, காந்தத்தில் இரும்பை எடுத்துவிட்டு, மிச்சத்தை எங்கோ சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவார். வருஷக்கணக்கில் எங்கள் லேப் வாசலை அவர் மிதித்ததில்லை. அந்த மாதம் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"ஏம்மா, நல்லா இருக்கியாமா? ஸ்லாக்கு இப்ப நல்லா வருதும்மா. லாரி ஸ்பிரிங்கே உக்காந்துக்குது. அதே லாரி, அதே லோடு, தூக்கவே மாட்டேங்குது."

"அதுல இரும்பு போவுது, அண்ணா."

"தெரியும்மா. எனக்குத் தெரியாமலா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க டைரக்டரு நல்லா இருக்கணும். போன வெள்ளிக்கிழமை அவர் பேர்ல அர்ச்சனை பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அவரை நான் மதிக்கவில்லை, ஆனால் வெறுக்கவும் முடியவில்லை. எங்கள் ஆலையில் அந்த நேரத்தில், மெல்ட்டர் அண்ணனை விட்டால், உண்மையை வாய்விட்டுச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். திருடன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாங்களாகவே அள்ளி அவர் லாரியில் போட்டோம்.

இனிப்பை அட்டெண்டரிடம் கொடுத்துவிட்டு, பழைய ஸ்லாக் ஒரு துண்டும் புதிய ஸ்லாக் ஒரு துண்டும் ஒரே அளவில் உடைத்து எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் பழைய இரும்புக்கடை வைத்து மேலே வந்தவர். எடைக்கல் இல்லாமல் கையில் தூக்கிப் பார்த்தே கிலோ சொல்லுவார் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். இரண்டு துண்டையும் மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொரு கையில் ஒவ்வொன்றாகத் தூக்கினார். தூக்கிய உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் பார்த்தேன். கையை மாற்றி இன்னொரு தடவை தூக்கினார். பிறகு இரண்டையும் மெதுவாகக் கீழே வைத்தார்.

"கனமாத்தான் இருக்குது" என்றார்.

"பர்னரை அந்தத் தாள்ல இருந்த மாதிரி ஓட்டினா சரியாயிடும் சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எம்மா, நீ குடும்பப் பொண்ணு, உனக்குச் சொன்னா புரியும். வீட்ல அவ தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியறதில்ல. மூணு நாளைக்குச் சோறு ஒழுங்கா வராது. நீ பாட்டுக்கு ரெண்டு கல்லை எடுத்துக்கினு வந்துட்ட. கொஞ்ச நாள் போவட்டும். அவனே கத்துக்குவான்."

கற்றுக்கொள்வதற்கு ஒரு ஃபர்னஸ். நான் இரண்டு கல்லையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் மீதிருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அந்த மேஜைமேலேயே தங்கிவிட்டது.

நீர்த்துப்போன ஸ்லாக் உள்சுவரின் செங்கல்லை அரித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு ஹீட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மெல்ட்டர் அண்ணனும் ஆட்களும் உள்ளே பார்த்து, அரித்த இடத்தில் மருந்துபோல ஒரு பொடிக்கலவையை அடித்து மூடுவார்கள். இப்போது டி.வி.யில் நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு விடுவதில்லை. ஒருநாள் அவர் ஃபர்னஸை நிறுத்திவைத்துப் பொடி அடித்தபோது ஆபீசிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மூன்றாவது தடவை டைரக்டரே ஆளை அனுப்பினார். அதன்பிறகு அவர் அடிக்கவில்லை.

பர்னர் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நான் சேம்பிள் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேடைப் பக்கமிருந்து ஒரு சத்தம். வெடி மாதிரி இல்லை. பெரிய அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. அடுத்து சைரன். ஓடிப்போய்ப் பார்த்தபோது ஃபர்னஸின் ஒரு பக்கச் சுவரில் கையளவு ஓட்டை. அதன் வழியாக உருகிய இரும்பு கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தரையில் ஈரம் இருந்த இடத்தில் பட்டுப் பட்டென்று தெறித்தது. எல்லோரும் படியில் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மெல்ட்டர் அண்ணன் மட்டும் மேலே நின்றார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபர்னஸை எதிர்ப்பக்கம் சாய்க்கிற நெம்புகோலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாய்த்தால்தான் உள்ளே இருக்கிற இரும்பு ஓட்டையை விட்டுத் தாழும். அது மெதுவாகத்தான் சாயும். அவசரத்துக்கு அது ஓடாது.

"எல்லாரும் போங்கடா! தண்ணிய மூடு! தண்ணிய மூடு!" என்று அவர் கத்தியது மட்டும் கேட்டது. சுவரைக் குளிரவைக்க ஓடுகிற தண்ணீர் உருகிய இரும்பில் பட்டால் வெடிக்கும்.

ஓட்டையிலிருந்து கொட்டுவது நின்றபிறகுதான் இறங்கினார். இறங்கும்போது வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். கெண்டைக்காலில் தெறித்த இரும்பு பேண்ட்டை எரித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. டைரக்டர் அந்த நேரத்தில் ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்கு என்று நினைத்தேன். அக்காவுக்கு.

பத்து நாள் கழித்து விசாரணை என்று கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை. முதலாளி, டைரக்டர், எழுதுவதற்கு ஆபீசிலிருந்து ஒருவர், நான். மெல்ட்டர் அண்ணன் கட்டோடு ஆட்டோவில் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போடவில்லை. பிறகு நானே ஒன்றை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

டைரக்டர் ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டார். ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் நடுவில் சுவரைப் பார்ப்பது யார் பொறுப்பு? மெல்ட்டர் பொறுப்பு. பொடி அடிப்பது யார் பொறுப்பு? மெல்ட்டர் பொறுப்பு. அன்றைக்கு அடித்தாயா? இல்லை.

"ஏன் அடிக்கல?"

"டைம் தரலியே சார். நீங்கதான் ஆள் அனுப்பி..."

"நான் பொடி அடிக்காதேன்னு சொன்னேனா?"

டைரக்டர் அப்படிச் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டு, சொன்னேனா என்று கேட்பதற்கு ஒரு படிப்பு வேண்டும். அதை அவர் வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும்.

முதலாளி, "ஞாயித்துக்கிழமை டூட்டின்னா வரமாட்டான். அப்பவே நெனச்சேன், கவனம் பத்தாதுன்னு" என்றார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எங்க மெல்ட்டர் மாதிரி ஜில்லாவுல ஆள் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது அதே வாய்தான்.

பிறகு டைரக்டர் என் பக்கம் திரும்பினார். மிக இனிமையாகக் கேட்டார்.

"மேடம், ஸ்லாக் டெஸ்ட் நம்ம ப்ரொசீஜர்ல இருக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப லேப் ரெக்கார்டுல அப்நார்மலா எதுவும் பதிவாகல. கரெக்டா?"

என் கைப்பை மடியில் இருந்தது. நோட்டு பைக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கேட்டால் காட்டலாம் என்று. கேட்காவிட்டாலும் காட்டலாம் என்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொண்டேன். "உங்களிடம் வந்து சொன்னேனே சார்" என்று ஒரே ஒரு வாக்கியம். வீட்டுக் கடன், மகளுடைய பள்ளிக்கூடம், இன்னொரு லேப் வேலைக்கு எத்தனை மைல் போக வேண்டும் என்கிற யோசனை, எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

"பதிவாகல சார்" என்றேன்.

ரெக்கார்டில் பதிவாகவில்லை என்பது உண்மைதான். இரண்டு வாரம் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மெல்ட்டர் அண்ணனிடம் தானாக ராஜினாமா செய்வதாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்பது முதலாளியின் பெருந்தன்மையாக மினிட்ஸில் எழுதப்பட்டது.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் முதல்முறை. என் வீட்டிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. வழி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டுத் துடைத்தார். "சோடா வாங்கியாரச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம், தண்ணீர் போதும் என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தபோது என்னையே நான் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். மற்றவர்களை இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் நியாயமாக இருக்காது.

நோட்டை அவரிடம் கொடுத்தேன். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் இதைக் காட்டலாம், நான் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் காலை ஸ்டூலில் நீட்டி வைத்தபடி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நிதானமாகப் படித்தார்.

"எப்பலேர்ந்து எழுதினீங்க?"

"நீங்க குவளையில கொண்டாந்தீங்களே அண்ணா, அன்னிலேர்ந்து."

"அன்னிக்கு ரூம்ல இது எங்க இருந்துச்சு, மேடம்?"

அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பையில" என்றேன்.

"பையிலயா." நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எடுத்துக்கினு போங்க. எனக்கு மனுவும் வேணாம், ஒண்ணும் வேணாம். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ஃபவுண்டரியில வரச் சொல்லியிருக்காங்க, கால் ஆறினதும். நீங்க வேற நடுவுல மாட்டிக்காதீங்க."

என்னை மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். அதில் நான் ஏற்கெனவே தேர்ந்தவள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபர்னஸுக்குப் புதுச் செங்கல் கட்ட ஒரு மாதம் ஆயிற்று. கேஸ் கம்பெனியிலிருந்து வேறு ஒருவரை அனுப்பினார்கள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, "யார் சார் இப்டி வெச்சது?" என்று சிரித்துவிட்டு, அரை மணி நேரத்தில் முதலில் இருக்க வேண்டிய நேரங்களை உள்ளே போட்டார். டைரக்டர் "பழைய ஆபரேட்டர்" என்றார். ஸ்லாக் டெஸ்ட்டையும் ப்ரொசீஜரில் சேர்த்தார்கள். அதற்கு ஒரு ஃபாரம் அச்சடித்தார்கள். ஸ்லாக் மறுபடி பொங்கி நின்றது. காண்ட்ராக்டர் ஒருநாள் வாசலில் என்னைப் பார்த்து, "இன்னாமா, இப்டிப் பண்ணிட்டீங்க?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

ஆறு மாதம் கழித்து, சென்னையில் ஒரு ஹோட்டலில் சிறு உருக்கு ஆலைக்காரர்களுக்கு ஒரு கூட்டம். எங்கள் டைரக்டர் அதில் பேசப்போகிறார். தலைப்பு, ஆக்சிஜன் பர்னர்களைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி. ஸ்லைடுகளைத் தயாரிக்கச் சொன்னார். தயாரித்தேன். நன்றாகவே தயாரித்தேன். படங்கள் வரைந்து, அம்புக்குறி போட்டு. என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள், கேள்வி ஏதாவது வந்தால் உதவுவதற்கு.

அவர் நன்றாகப் பேசினார். அனுபவப்பட்டவரைப் போலவே பேசினார். முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"இதெல்லாம் சரிங்க. ஆரம்பத்துல ஸ்லாக்குல எவ்வளவு இரும்பு போச்சுங்க உங்களுக்கு?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து மைக்கை வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பர்னரைக் கடைசிவரை எரியவிட்டோம், இரும்பு இரண்டு மடங்கு போனது, ஸ்லாக் தண்ணீராக ஓடியது, சுவர் அரித்தது, பொடி அடிக்க நேரம் கொடுக்கவில்லை, ஓட்டை விழுந்தது, ஒருவருக்குக் கால் வெந்தது. குரல் நடுங்கவே இல்லை. ஏ.சி. அறையில் சொல்ல முடியாத அதே விஷயம், இங்கே முந்நூறு பேர் முன்னால் தண்ணீர் மாதிரி வந்தது. ஏனென்றால் இங்கே அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெரியவர் தலையாட்டிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இன்னும் சிலரும் எழுதினார்கள். டைரக்டர் என் தோளுக்குமேல் குனிந்து மைக்கில், "திஸ் இஸ் த ஆனஸ்டி ஆஃப் அவர் டீம்" என்றார். கைதட்டல் விழுந்தது. இரண்டு பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். மேடையை நடத்தியவர், சாப்பாடு தயார், சைவம் இடது பக்கம் என்று அறிவித்தார்.

நான் இடது பக்கம் போய் வரிசையில் நின்று தட்டு எடுத்துக்கொண்டேன்.